தென்னாப்பிரிக்கா வருகிறீர்களா? டேப்லெட், சிம், இணையம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் தமிழ்நாட்டிலிருந்து உறவினர்கள் வருவதும் போவதும் வழக்கம். டிக்கெட் போட்ட கையோடு அவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டே விஷயம்: பயணத்துக்கு ஒரு டேப்லெட் வாங்கலாமா, அங்கே நெட்டுக்கு என்ன வழி? இரண்டையும் தனித்தனியாக யோசிக்கிறவர்கள்தான் வந்த பிறகு அவதிப்படுகிறார்கள். எந்த சிம், எங்கே சிக்னல் கிடைக்காது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், எந்த டேப்லெட் என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும்.

கையில் நல்ல போன் இருக்கிறது. டேப்லெட் அவசியமா?

ஒரு கல்யாணத்துக்கு வந்து நாலைந்து நாளில் திரும்புகிறவர்களுக்கு அவசியமில்லை. போன் போதும்.

ஒரு மாதம் தங்கி டர்பன், ஜோகன்னஸ்பர்க், க்ரூகர் வனவிலங்குப் பூங்கா என்று சுற்றப் போகிறவர்களுக்கு வாங்கச் சொல்வேன். திரை பெரிது என்பது ஒரு காரணம்தான். அதைவிட முக்கியமானது ஓடிபி. உங்கள் வங்கி, ஆதார், வாட்ஸ்அப் எல்லாம் இந்திய எண்ணோடு கட்டுண்டு கிடக்கின்றன. அந்த சிம்மைக் கழற்றினால் இணையத்தில் பணம் கட்டும் நேரத்தில் ஓடிபி வராது. ஆகவே இந்திய சிம் போனிலேயே இருக்கட்டும். கிளம்புவதற்கு முன்பே அதில் சர்வதேச ரோமிங்கைத் திறந்துவிடுங்கள், ஆனால் மொபைல் டேட்டாவை அணைத்து வையுங்கள். தென்னாப்பிரிக்க சிம் டேப்லெட்டுக்குள் போகட்டும். டேப்லெட்டிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டால் போனுக்கும் நெட் வந்துவிடும், பழைய எண்ணிலேயே வாட்ஸ்அப் ஓடும்.

இரட்டை சிம் போன் வைத்திருப்பவர்கள் ஒரே கருவியில் இதைச் செய்யலாம்தான். வழிகாட்டும் வரைபடமும் ஹாட்ஸ்பாட்டும் சேர்ந்து ஓடினால் மத்தியானத்துக்குள் போன் சார்ஜ் தீர்ந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வைஃபை மட்டும் உள்ள மாடல் விலை குறைவாக இருக்கிறதே, அது போதாதா?

வீட்டில் வைத்துப் படம் பார்க்கப் போதும். பயணத்துக்கு வாங்குவதென்றால் சிம் போடுகிற மாடலை வாங்குங்கள். ஹாட்ஸ்பாட் விஷயத்தை மேலே சொல்லிவிட்டேன். இன்னொரு காரணம், கடையில் யாரும் வாய் திறந்து சொல்லாதது: வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. அது அக்கம்பக்கத்து வைஃபைகளை வைத்துத்தான் தன் இடத்தைக் கணிக்கிறது. டர்பன் நகருக்குள் சரியாகக் காட்டும். ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலையில் ஏறி மூய் ரிவர் தாண்டினால் இரண்டு பக்கமும் புல்வெளிதான், வைஃபை ஏது? வரைபடத்தை முழுக்க இறக்கி வைத்திருந்தாலும் நீலப்புள்ளி நகராது. சிம் மாடல் ஐபேடில் ஜிபிஎஸ் உண்டு. உள்ளே சிம்மே இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும்.

ஆண்ட்ராய்டில் நிலைமை வேறு. வைஃபை மாடல்கள் பலவற்றிலும் ஜிபிஎஸ் இருக்கிறது, மிக மலிவான சிலவற்றில் இல்லை. பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் விவரத்தில் ஜிபிஎஸ் என்ற சொல் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

8 அங்குலமா, 11 அங்குலமா?

சுற்றுகிறவர்களுக்கு 8 அங்குலம். ஐபேட் மினி 300 கிராமுக்குள் அடங்கிவிடும், கைப்பைக்குள் போய்விடும். வீட்டில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேசுவதும் படிப்பதும்தான் வேலை என்றால் 11 அங்குலம் கண்ணுக்கு இதம்.

ஐபேடா, ஆண்ட்ராய்டா?

ஏற்கெனவே போனில் எது பழக்கமோ அதையே வாங்குங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களைப் பயணத்தின் நடுவில் புதிதாக ஒன்றைப் பழகச் சொல்வது நியாயமில்லை. இரண்டிலும் தமிழில் எழுதலாம். ஐபேடில் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் கூடவே வருகின்றன. ஆண்ட்ராய்டில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகை இருக்கிறது, தமிழில் பேசினால் அதுவே எழுதிவிடும்.

பயணக் கண்ணோட்டத்தில் இரண்டு வித்தியாசங்கள் முக்கியம். 2024 மே மாதத்திலிருந்து வந்த சிம் மாடல் ஐபேடுகளில் பிளாஸ்டிக் சிம் போட இடமே இல்லை, இ-சிம் (கருவிக்குள்ளேயே மென்பொருளாக ஏற்றும் சிம்) மட்டும்தான். சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 போன்றவற்றின் எல்டிஇ (4ஜி) மாடலில் சாதாரண நானோ சிம்மைப் போட்டுவிடலாம். அடுத்தது, ஐபேடில் மெமரி கார்டு ஏறாது. டேப் ஏ9-இல் 1 டெராபைட் வரை ஏறும். காட்டில் யானை வீடியோவாக எடுத்துத் தள்ளுகிறவர்களுக்கு அந்தக் கார்டு பெரிய நிம்மதி.

மாமாவோ சித்தியோ கேட்டால் நான் சொல்வது சிம் மாடல் ஆண்ட்ராய்டு, 8 அங்குலம், 128 ஜிபி. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஐபேட் மினி.

ஊரிலேயே வாங்கி வரலாமா, டர்பனில் வாங்கலாமா?

ஊரில் வாங்குவதே நல்லது. கிளம்புவதற்கு முன்பே கை பழகிவிடும், வாரண்டியும் உங்கள் ஊரிலேயே இருக்கும். தென்னாப்பிரிக்காவின் 4ஜி பெரும்பாலும் 900, 1800, 2100 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. 2022 மார்ச்சில் நடந்த ஏலத்துக்குப் பிறகு 700, 800 மெகாஹெர்ட்ஸும் சேர்ந்தன. இந்தியாவில் விற்கும் மாடல்கள் இங்கே தாராளமாக வேலை செய்கின்றன. அமெரிக்காவிலிருந்து யாராவது வாங்கித் தந்ததாக இருந்தால் மட்டும் பேண்ட் (அலைவரிசைக்கான எண்) 3, 8, 20, 28 அதில் உண்டா என்று பாருங்கள்.

டர்பனில் வாங்கினாலும் நஷ்டமில்லை. இங்கே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கி ஆறு மாதத்துக்குள் பொருளில் குறை தெரிந்தால் பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று முடிவு செய்யும் உரிமை வாங்கியவருக்குத்தான். விலையில் 15 சதவீதம் வாட் வரி அடங்கியிருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் பொருளை நாட்டை விட்டு எடுத்துப் போகும்போது, மொத்தம் 250 ராண்டுக்கு மேல் வாங்கியிருந்தால், விமான நிலையத்தில் அந்த வரியைத் திரும்பக் கேட்கலாம். அதற்கு ‘டாக்ஸ் இன்வாய்ஸ்’ என்று அச்சிட்ட பில் வேண்டும். 5,000 ராண்டுக்கு மேல் போனால் அதில் உங்கள் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும், கடையிலேயே எழுதச் சொல்லி வாங்குங்கள். டேப்லெட்டைப் பெட்டிக்குள் போட்டு லக்கேஜில் அனுப்பிவிட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. முதலில் வாட் கவுண்டர், பிறகு செக்-இன்.

சிம் வாங்க என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

இங்கே ரிக்கா என்றொரு சட்டம் இருக்கிறது, 2002ஆம் ஆண்டின் சட்டம். அதன்படி பெயரும் முகவரியும் பதிவாகாமல் எந்த சிம்மும் உயிர் பெறாது. சிம் மிக மலிவு, சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். பதிவு செய்து தருவதற்கு ஆள் இருக்கும் கடைக்குப் போக வேண்டும் என்பதுதான் விஷயம்.

உறவினர் வீட்டில் தங்குகிறவர்கள் பாஸ்போர்ட்டோடு வீட்டுக்காரர் பெயரில் வந்த நகராட்சித் தண்ணீர்–மின்சார பில்லையும் எடுத்துப் போங்கள். மூன்று மாதத்துக்குள் வந்த பில்லாக இருக்கட்டும். இன்னார் என் வீட்டில் தங்கியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாளும் வேண்டும். அவரையே கூட அழைத்துப் போய்விட்டால் வேலை சுலபம். ஓட்டலில் தங்குகிறவர்களுக்கு முன்பதிவுக் கடிதம். விமான நிலையத்துக் கடைகளிலேயே பதிவு செய்து தருவார்கள், பாஸ்போர்ட்டும் தங்குமிட முகவரியும் கையில் தயாராக இருக்கட்டும். டர்பனில் நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் தங்குகிறவர்கள் மறுநாள் நிதானமாக அங்குள்ள மாலுக்குப் போய் வாங்கலாம்.

கடையை விட்டு வெளியே வருவதற்குள் ஒன்று செய்யுங்கள். புது சிம்மை முதலில் ஒரு போனில் போட்டு, பதிவு முடிந்த குறுஞ்செய்தி வந்துவிட்டதா என்று பார்த்து, ஏர்டைம் (ரீசார்ஜ் பணம்) ஏற்றி, டேட்டா பண்டிலையும் (நம் ஊர் டேட்டா பேக்) அதிலேயே வாங்கிவிடுங்கள். நட்சத்திரக் குறியிட்டு டயல் செய்யும் எண்கள் ஐபேடில் வேலை செய்யாது, பல டேப்லெட்டுகளில் டயல் பேடே இல்லை. இணையம் திறக்கிறதா என்று பார்த்த பிறகு சிம்மை டேப்லெட்டுக்கு மாற்றுங்கள். இ-சிம் என்றால், டேப்லெட்டைக் கையோடு கொண்டுபோய்க் கடைக்காரரையே ஏற்றித் தரச் சொல்லுங்கள். அடுத்தடுத்து பண்டில் வாங்க அந்தக் கம்பெனியின் செயலியை அங்கேயே இறக்கி உள்நுழைந்துவிடுங்கள். அந்தச் செயலி கேட்கும் ஓடிபி இந்தத் தென்னாப்பிரிக்க எண்ணுக்குத்தான் வரும், அதனால் சிம் போனில் இருக்கும்போதே அதை முடிப்பது நல்லது.

ஊரிலிருந்தே பயண இ-சிம் வாங்கி வந்தால்?

வரலாம். இறங்கிய நிமிடமே நெட் வரும், ரிக்கா வரிசை இல்லை. அவை வெளிநாட்டு சிம்களாகவே இருந்து இங்குள்ள நெட்வொர்க்கில் ரோமிங்காக ஓடுகின்றன. உள்ளூர் எண் கிடைக்காது, ஜிபி கணக்கில் பெரும்பாலும் விலை கூடுதல். ஒரு வாரப் பயணத்துக்கு இது நல்ல வழி. ஒரு மாதம் என்றால் முதல் இரண்டு நாளுக்கு மட்டும் சிறிய இ-சிம், பிறகு உள்ளூர் சிம்.

எந்தக் கம்பெனி?

ஊருக்கு வெளியே போகிறவர்களுக்கு வோடாகாம் அல்லது எம்டிஎன். நகரத்துக்குள்ளேயே இருப்பவர்கள் டெல்காம், செல் சி பண்டில் விலைகளையும் பாருங்கள்.

டேட்டா விலை இங்கே அதிகமாமே?

இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அதிர்ச்சியாகத்தான் இருக்கும். தினம் 2 ஜிபி என்று பழகியவர்கள் இங்கே அதே போல ரீல்ஸ் பார்த்தால் ஒரு பண்டில் ஒரே நாளில் காலி. இந்நாட்டு மக்களே இந்த விலையை எதிர்த்துப் பல வருடம் குரல் கொடுத்தார்கள். 2019 டிசம்பரில் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையம் விசாரணையை முடித்து, விலை அதிகம்தான், சிறிய பண்டில் வாங்கும் ஏழைகள்தான் ஒரு எம்பிக்கு அதிக விலை தருகிறார்கள் என்று அறிக்கை கொடுத்தது. அதன் பின் 2020 ஏப்ரலில் வோடாகாமின் மாதாந்தர 1 ஜிபி 149 ராண்டிலிருந்து 99 ராண்டுக்கு இறங்கியது. அந்தப் போராட்டத்தின் பலன்தான் இன்று நாம் கொடுக்கும் விலை என்பதை நான் மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன்.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். பண்டில் எத்தனை நாளுக்கு? ஒரு மணி நேரம், ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று பலவிதம் உண்டு. மலிவாகத் தெரிவது பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். அடுத்தது, சொன்ன ஜிபியில் எவ்வளவு இரவு டேட்டா? நள்ளிரவுக்குப் பிறகு விடியற்காலை வரை மட்டும் செல்லுபடியாகும் பங்கு அது. தூங்கப் போகும் முன் படங்களையும் வரைபடங்களையும் இறக்கப் போட்டுவிட்டுப் படுத்தால் அது வீணாகாது. மூன்றாவது, வாட்ஸ்அப்புக்கோ வீடியோவுக்கோ மட்டும் என்று ஒதுக்கிய டேட்டாவா? அதை வைத்து வரைபடம் பார்க்க முடியாது.

நல்ல செய்தியும் உண்டு. 2019இல் வந்த தொலைத்தொடர்பு விதிகளின்படி, பண்டில் தீர்ந்த பிறகு உங்கள் சம்மதம் இல்லாமல் கூடுதல் விலையில் ஏர்டைமைப் பிடிக்கக் கூடாது. அந்தச் சம்மதத்தைக் கேட்டு வரும் செய்திக்கு அவசரத்தில் சரி என்று கொடுத்துவிடாதீர்கள்.

க்ரூகர், டிரேகன்ஸ்பர்க் பக்கம் நெட் வருமா?

வரும், போகும். க்ரூகர் பூங்கா வடக்குத் தெற்காக 350 கிலோமீட்டர் நீளம். ஸ்குகுசா போன்ற பெரிய முகாம்களைச் சுற்றி சிக்னல் இருக்கும், நடுவில் நீண்ட தூரத்துக்கு இருக்காது. டிரேகன்ஸ்பர்க் மலையடிவாரத்திலும் அப்படித்தான், ஒரு வளைவில் நான்கு கோடு, அடுத்த வளைவில் ஒன்றுமில்லை.

ஆகவே வீட்டு வைஃபையில் இருக்கும்போதே எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். கூகுள் மேப்ஸில் ஆஃப்லைன் வரைபடம் இறக்கும்போது போகும் ஊரை மட்டும் எடுக்காமல், வழி முழுவதும் உள்ளே வரும்படி திரையில் தெரியும் கட்டத்தை இழுங்கள். ஆஃப்லைனில் கார் வழி காட்டும், நடைவழி காட்டாது, போக்குவரத்து நெரிசலும் தெரியாது. தங்குமிட முன்பதிவு, பூங்கா அனுமதி, காப்பீடு, பாஸ்போர்ட் நகல் எல்லாம் டேப்லெட்டுக்குள்ளேயே பிடிஎஃப் ஆக இருக்க வேண்டும். மின்னஞ்சலில் இருக்கிறதே என்று விட்டால் பூங்கா வாசலில் அது திறக்காது. எல்லாம் முடிந்ததும் ஏரோபிளேன் மோடைப் போட்டு ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். அப்போது திறந்தவைதான் காட்டிலும் திறக்கும்.

சானி பாஸ் மலைப்பாதை வழியாக லெசோத்தோ எட்டிப் பார்க்க ஆசை. சிம் வேலை செய்யுமா?

லெசோத்தோ வேறு நாடு. எல்லைக்கு முன்பே அவர்கள் டவர் உங்கள் சிம்மைப் பிடித்துக்கொள்ளலாம். உள்ளூர் சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு மலை ஏறுங்கள். எஸ்வாட்டினி, மொசாம்பிக் எல்லையோரமும் அதே எச்சரிக்கை. பயண இ-சிம்முக்கு மட்டும் ரோமிங் திறந்திருந்தால்தான் நெட் வரும், அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கரண்ட் அடிக்கடி போகும் என்கிறார்களே?

லோட்ஷெடிங், அதாவது முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு, 2023இல் மிக மோசமாக இருந்தது. 2024 மார்ச் 26 முதல் பத்து மாதத்துக்கு மேல் அது இல்லாமலே இருந்தோம். 2025 தொடக்கத்தில் அவ்வப்போது திரும்ப எட்டிப் பார்த்தது. இருந்தாலும் தயாராகவே வாருங்கள். கரண்ட் போனால் வீட்டு வைஃபை உடனே படுத்துவிடும், மொபைல் டவர் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும். டேப்லெட்டில் சிம் இருப்பதன் அருமை அப்போதுதான் தெரியும். எங்கள் தெருவில் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல எஸ்கொம்செபுஷ் என்ற செயலியைத்தான் எல்லோரும் வைத்திருக்கிறார்கள். தங்கும் பகுதியை அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் சார்ஜர் இங்கே செருகுமா?

மின்னழுத்தம் அதே 230 வோல்ட்தான், பயமில்லை. சுவரில் இருக்கும் துளைதான் பெரிது. அந்தப் பெரிய மூன்று முள் பிளக் உங்களுக்குத் தெரிந்ததே: நம் வீடுகளில் ஏசிக்கும் கீசருக்கும் போடுகிற 16 ஆம்ப் பிளக். ஊரிலிருந்து 16 ஆம்ப் பிளக் உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு வந்தால் நேராகச் சுவரில் ஏறும், குடும்பத்தோடு நான்கு கருவிகளை ஒரே நேரத்தில் சார்ஜ் போடலாம். தனி அடாப்டர் வேண்டுமானால் இங்கே எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். புதிய கட்டடங்களில் சிறிய துளைகளும் இருக்கும், மெல்லிய இரண்டு முள் சார்ஜர் அதில் நேரடியாகவே போகும்.

பவர் பேங்க் எவ்வளவு பெரியது கொண்டுவரலாம்?

100 வாட்-அவர் வரை, கைப்பையில் மட்டும். 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-அவர், தாராளம். துபாய் வழியாக எமிரேட்ஸில் டர்பன் வருகிறவர்கள் கவனிக்க: 2025 அக்டோபர் 1 முதல் ஒருவருக்கு ஒன்று மட்டும், அதையும் விமானத்துக்குள் பயன்படுத்தக் கூடாது. டேப்லெட்டை முழுக்க சார்ஜ் செய்து ஏறுங்கள்.

இலவச வைஃபை எங்கே?

விமான நிலையங்கள், பெரிய மால்கள், காபி கடைகள். கோயில் திருவிழாக் கூட்டத்தில் எந்த நெட்டையும் நம்பாதீர்கள். ஈஸ்டர் சமயத்தில் டர்பனுக்குத் தெற்கே உள்ள இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் சிக்னல் முழுதாகக் காட்டும், படம் மட்டும் போகாது. வீடு திரும்பி அனுப்புங்கள். பொது வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம், அதற்கு உங்கள் சிம்மே போதும்.

திருட்டு பயம்?

உண்மையான பயம்தான், மறைக்க விரும்பவில்லை. ரோபோவில், அதாவது சிக்னலில், வண்டி நிற்கும்போது கண்ணாடியை உடைத்து மடியில் இருப்பதைப் பறித்துப் போவது இங்கே நடக்கிறது. டேப்லெட்டில் வழி பார்ப்பதைப் புறப்படும் முன் முடித்து, குரல்வழி மட்டும் கேளுங்கள். டேப்லெட் டிக்கியில் போவதாக இருந்தால் கிளம்பும் முன் வீட்டு வாசலிலேயே டிக்கிக்குள் வைத்து மூடிவிடுங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் எல்லோரும் பார்க்க டிக்கியைத் திறந்து வைப்பது அதைவிட ஆபத்து. ஐஎம்இஐ எண்ணை (கருவியின் தனி அடையாள எண்) வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். தொலைந்தால் போலீசில் கேஸ் நம்பர் வாங்கவும், நெட்வொர்க்கில் கருவியை முடக்கவும் அது உதவும்.

எங்கள் கொள்ளுத்தாத்தா நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர். தேடிப் பார்க்க டேப்லெட் உதவுமா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு, அதாவது டர்பன் இருக்கும் இந்தப் பகுதிக்கு, ஒப்பந்தக் கூலிகளாக 1,52,184 பேர் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், கப்பல் பட்டியலில் தகப்பன் பெயர், ஊர், தாலுகா, வயது. பதிவேடுகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்திலும், வெஸ்ட்வில்லில் உள்ள காந்தி–லுதுலி ஆவண மையத்திலும் இருக்கின்றன.

இங்கே 11 அங்குலத் திரை கைகொடுக்கும். படம் எடுக்க அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் எடுத்ததும் அதன் தொகுதி எண்ணையும் தனியாக ஒரு படம் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஊருக்குப் போனபின் எது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. பெயர்கள் ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டவை. முனுசாமி என்பதை நாலு விதமாக எழுதியிருப்பார்கள், ஆகவே ஊர்ப் பெயரையும் தகப்பன் பெயரையும் சேர்த்தே தேடுங்கள். அன்றிரவே வைஃபையில் ஒரு நகலை மேகச் சேமிப்பில் (கிளவுட்) ஏற்றிவிடுங்கள்.

திரும்பும்போது மீதி டேட்டா என்னாகும்?

அதே நெட்வொர்க்கில் உள்ள வேறொரு எண்ணுக்கு மாற்றித் தரலாம், 2019 விதிகள் அதற்கும் வழி செய்திருக்கின்றன. கம்பெனியின் செயலியிலேயே அந்த வசதி இருக்கும். கிளம்புகிற அன்று காலையில், காலாவதி ஆவதற்குள், தங்கியிருந்த வீட்டுக்காரர் எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். வேறு யாருடைய டேப்லெட்டிலாவது உங்கள் வாட்ஸ்அப்பை இணைத்திருந்தால் போனில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதிக்குப் போய் அதையும் நீக்கிவிட்டுக் கிளம்புங்கள்.